வரிக்கணக்கில் வார்த்த எஞ்சின்கள்

பழைய கார்களின் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு, எஞ்சினின் கன அளவைக் குறிக்கும் இடத்தில் எழுதியிருக்கும் எண் ஒரு சிறு வியப்பைத் தந்திருக்கக்கூடும். ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 948. பிரீமியர் பத்மினிக்கு 1089. மாருதி 800 என்று ஊரெல்லாம் அழைத்த காருக்கு உண்மையில் 796. 2024-இல் வந்த ஸ்விஃப்டுக்கு 1197. ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று முழு எண்ணாக ஒன்றுமே இல்லை. துல்லியமான கணிதம் ஏதோ இதற்குள் இருக்கிறது, பொறியாளர்கள் பல இரவுகள் விழித்திருந்து கண்டுபிடித்த எண்கள் இவை என்று நினைத்துக்கொள்ளத் தோன்றும். கணிதம் இருப்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி பொறியாளருடையது அல்ல. வரி விதித்த அதிகாரியுடையது.

ஓர் ஓலைச்சுவடியின் எழுத்து வடிவத்தைக் கொண்டு அது எழுதப்பட்ட காலத்தை ஏறத்தாழச் சொல்லிவிடும் அறிஞர்கள் உண்டு. சிறிய கார்களின் எஞ்சின் அளவுகளையும் அப்படிப் படிக்க முடியும் என்பது எங்கள் எண்ணம். பெரிய, விலை உயர்ந்த கார்களில் இது அவ்வளவாகப் பலிக்காது. அவற்றை வாங்குபவர் வரியைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே அவற்றை வரைபவர் தம் விருப்பப்படி வரையலாம். சிக்கனக் காரை வாங்குபவரோ ஒவ்வொரு ரூபாயையும், ஒவ்வொரு பவுண்டையும், ஒவ்வொரு யென்னையும் எண்ணிப் பார்ப்பவர். எனவே சட்டம் எங்கே கோடு போடுகிறதோ, அந்தக் கோட்டை ஒட்டியே அவருக்கான எஞ்சின் வந்து நிற்கிறது. நடுத்தர வர்க்கத்து மனிதனுக்கு எவ்வளவு சக்தி போதும் என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் விடை எழுதியவர்கள் பெரும்பாலும் நிதி அமைச்சக அலுவலர்களே.

மேலே செல்லுமுன் எஞ்சின் பற்றி இரண்டொரு செய்தி. சிலிண்டரின் அகலத்தைப் பட்டறைகளில் 'போர்' என்பார்கள். நாம் விட்டம் என்போம். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தொலைவு 'ஸ்ட்ரோக்'. இதை வீச்சு என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவு தண்ணீரை அகன்ற கிண்ணத்திலும் ஊற்றலாம், நெடிய டம்ளரிலும் ஊற்றலாம் அல்லவா? அதுபோல ஒரே கன அளவுள்ள எஞ்சினை விட்டம் பெரிதாகவும் வீச்சு குறைவாகவும் செய்யலாம், மாற்றியும் செய்யலாம். ஆனால் இரண்டும் ஒன்றுபோல் ஓடுவதில்லை. நெடிய வீச்சுள்ள எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சிக்கும் பிஸ்டன் அதிகத் தொலைவு ஓடவேண்டும். வேகமாகச் சுழற்றினால் தேய்மானமும் அதிர்வும் கூடும். குறுகிய விட்டத்தில் வால்வுகளுக்கும் இடம் குறைவு. எஞ்சினால் தாராளமாக மூச்சுவிட முடியாது. அதற்குப் பதிலாக, இத்தகைய எஞ்சின்கள் குறைந்த சுழற்சியில் பொறுமையாக இழுக்கும்படி அமைவது வழக்கம்.

இங்கிலாந்தில், கார்களைக் குதிரைத்திறன் அடிப்படையில் வகைப்படுத்த அரச மோட்டார் வாகனக் கழகத்தின் சூத்திரம் ஒன்றை 1910 முதல் அரசு பயன்படுத்தியது. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையால் மீண்டும் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பதே 'குதிரைத்திறன்'. வீச்சு எவ்வளவு என்று சூத்திரம் கேட்பதே இல்லை. அக்காலத்து எஞ்சின்கள் எல்லாவற்றிலும் பிஸ்டனின் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற அனுமானத்தில் பிறந்த கணக்கு அது. பிறந்தபோது அதில் பெரிய பிழையும் இல்லை. பிழை பின்னால் வந்தது. 1921-ஆம் ஆண்டு முதல் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு வரி என்று சட்டமானது. அந்தக் கணத்திலிருந்து, தோராயமாக எழுதிவைத்த ஓர் அளவீட்டுச் சூத்திரம், எஞ்சின்களை வரையும் கையாக மாறிவிட்டது.

முதலில் அடிபட்டது அமெரிக்காவிலிருந்து வந்து மான்செஸ்டரில் தயாராகிக்கொண்டிருந்த ஃபோர்டின் டி மாடல். உலகத்தின் சாமானியர்களுக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி அது. அதன் சிலிண்டர் விட்டம் 3¾ அங்குலம், சிலிண்டர்கள் நான்கு. சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 22.5 வருகிறது. ஆண்டுக்கு 23 பவுண்டு வரி. வேடிக்கை என்னவென்றால், அந்த எஞ்சினின் உண்மையான ஆற்றலே 20 குதிரைத்திறன்தான். தன்னிடம் இல்லாத சக்திக்கும் சேர்த்து வரி கட்டிய கார் என்று அதைச் சொல்லலாம்.

எதிர்ப்பக்கத்தில் ஹெர்பர்ட் ஆஸ்டின் என்ற தொழிலதிபர் நின்றார். கடனில் தத்தளித்த அவருடைய நிறுவனத்தின் இயக்குநர்கள் சிறிய கார் வேண்டாம் என்றார்கள். அவர் விடவில்லை. ஆலையிலிருந்து ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது வரைவாளரைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். லிக்கி கிரேஞ்ச் என்ற அந்த வீட்டின் பில்லியர்ட்ஸ் அறையில் 1922-இல் வெளிவந்த 'ஆஸ்டின் செவன்' உருவாயிற்று. சிறிய கார் என்றால் இரண்டு சிலிண்டர் போதும் என்று முதலாளி எண்ணியிருக்க, நான்கு சின்னஞ்சிறு சிலிண்டர்களே மேல் என்று வாதிட்டு வென்றவர் அந்த இளைஞர். விரைவிலேயே நிலைபெற்ற 747 சி.சி. எஞ்சினில் விட்டம் 56 மில்லிமீட்டர், வீச்சு 76. சூத்திரத்தின்படி 7.8 குதிரைத்திறன், வரி 8 பவுண்டு. உண்மையில் அது தந்தது பத்துக்குச் சற்று மேல். ஃபோர்டுக்கு நேர்ந்ததன் நேர் எதிர் இது. காரின் பெயரிலேயே வரி எண் ஏறி அமர்ந்துவிட்டதையும் கவனிக்க வேண்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இங்கிலாந்தில் கார்களின் பெயர்கள் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று வரிச் சீட்டைப் போலவே ஒலித்தன.

ஃபோர்டும் பாடம் கற்றுக்கொண்டது. 1932-இல் அது கொண்டுவந்த 'ஒய்' மாடலின் எஞ்சின் 933 சி.சி. விட்டம் 56.6, வீச்சு 92.5. 1930-களின் நடுவில் வந்த மோரிஸ் எய்ட் 918 சி.சி.; அதில் விட்டம் 57, வீச்சு 90. இரண்டு போட்டி நிறுவனங்கள், இரண்டு வரைபடக் கூடங்கள். விட்டமோ ஏறத்தாழ ஒன்று. எட்டுப் பவுண்டு என்ற வரிக் கட்டத்துக்குள் அடங்கக்கூடிய மிகப் பெரிய விட்டம் அதுதான். விட்டத்துக்கு விலை உண்டு, வீச்சு இலவசம் என்றாகிவிட்ட பிறகு, இலவசமாகக் கிடைப்பதை எவர் விடுவார்?

இதனால் ஓட்டுநருக்கு என்ன நேர்ந்தது? உள்நாட்டுச் சாலைகளில் பெரிதாக ஒன்றும் நேரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வளைந்து நெளிந்து போகும் கிராமத்துச் சாலைகளில் மணிக்கு நாற்பது மைல் வேகத்தில், கியரை அதிகம் மாற்றாமல், மேடுகளில் முனகிக்கொண்டே ஏறும் கார் அந்த நாட்டு மக்களுக்குப் பிடித்தேயிருந்தது. சிக்கல் தூரத்தில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் நீண்ட சாலைகளிலும் ஐரோப்பாவின் புதிய நெடுஞ்சாலைகளிலும் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் விரட்டப்படுவதற்கு இந்த எஞ்சின்கள் பிறக்கவில்லை.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். 1933 வசந்தத்தில் ஜெர்மனி, புதிதாகப் பதிவு செய்யப்படும் கார்களுக்கு வாகன வரியையே நீக்கிவிட்டது. அந்த அரசின் நோக்கங்கள் எவ்வளவு கொடியவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் வரைபடப் பலகை மேல் விட்டத்தை எண்ணும் அதிகாரி எவரும் குனிந்து நிற்கவில்லை. போருக்குப் பின் பெருமளவில் உற்பத்தியான பீட்டிலின் எஞ்சின் 1131 சி.சி.; விட்டம் 75, வீச்சு 64 மட்டுமே. நிமிடத்துக்கு 3300 சுழற்சியில் 25 குதிரைத்திறன் தரும். அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் பெரிதாக ஒன்றும் தராது. அந்தச் சுழற்சியில் அதன் பிஸ்டன் வினாடிக்குச் சராசரியாக ஏழு மீட்டர் ஓடுகிறது. ஃபோர்டு 'ஒய்' எஞ்சினை அதே 3300-இல் சுழற்றினால் அதன் பிஸ்டன் பத்து மீட்டருக்கு மேல் ஓடவேண்டியிருக்கும். ஒன்று நடந்துபோவதைப் போல மணிக்கு நூறு கிலோமீட்டரில் நாளெல்லாம் போகும். மற்றொன்று அதே வேகத்தைத் தொடுவதற்கு மூச்சிரைக்க ஓடும். போர் முடிந்ததும் பீட்டிலைச் சோதித்துப் பார்த்த இங்கிலாந்துத் தொழில்துறையினர் அதை வேண்டாமென்று ஒதுக்கினார்கள். அவர்களுடைய பார்வைக் குறைவுக்கு எத்தனையோ விளக்கங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. கால் நூற்றாண்டாக வேறொரு சூத்திரத்தின் வழியே மட்டும் எஞ்சின்களைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1947-லும் 1948-லும் அந்தப் பழைய வரி படிப்படியாக விலக்கப்பட்டு, புதிய கார்களுக்கெல்லாம் ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு என்ற ஒரே வரி வந்தது. கோடு அழிந்துவிட்டது. ஆனால் கோட்டை ஒட்டிக் கட்டிய வீடுகள் அப்படியே நின்றன. 1948-இல் வந்த மோரிஸ் மைனரே அதற்குச் சாட்சி. அலெக் இசிகோனிஸ் அதற்காக எண்ணியிருந்தது கிடைநிலையில் படுத்திருக்கும் புதிய நான்கு சிலிண்டர் எஞ்சின். விற்பனைக்கு வந்த காரிலோ மோரிஸ் எய்ட்டின் அந்தப் பழைய 918 சி.சி. எஞ்சினே உட்கார்ந்திருந்தது. புதிய சேசிஸ், அருமையான ஸ்டியரிங், சாலையைப் பற்றிக்கொள்ளும் திறமை எல்லாம் இருந்தும், முன்னால் இழுத்தது 1921-இன் சட்டம்தான். ஃபோர்டோ 92.5 வீச்சுள்ள எஞ்சினை 1962 வரை மலிவுக் கார்களில் விற்றுக்கொண்டிருந்தது. 1959-இல் வந்த புதிய ஆங்கிலியாவில்தான் முழு விடுதலை தெரிகிறது. 997 சி.சி.; விட்டம் 81, வீச்சு வெறும் 48.4. கூண்டைத் திறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பறவை வெளியே வந்தது.

அந்த ஆண்டில்தான் இசிகோனிஸின் மினியும் வந்தது. அதன் கதை வேறு வகை. 948 சி.சி. எஞ்சினுடன் ஓடிய சோதனைக் கார் மணிக்குத் தொண்ணூறு மைலைத் தாண்டிற்றாம். சாமானியர்கள் கையில் இவ்வளவு வேகத்தைக் கொடுக்கக்கூடாது என்று நிறுவனமே வீச்சைக் குறைத்து 848 ஆக்கியது. அரசு கோடு போடாவிட்டால் நிறுவனம் போட்டுவிடுகிறது.

சென்னைக்கு வருவோம். வண்டலூரை அடுத்த ஆலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தயாரித்த ஹெரால்டு, தமிழ்நாட்டில் பிறந்த கார். மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் விரும்பி ஓட்டிய, இரண்டு கதவுகளும் இத்தாலிய அழகும் கொண்ட வண்டி. அதன் 948 சி.சி. எஞ்சினின் விட்டம் 63, வீச்சு 76. இந்த எஞ்சின் வம்சத்தின் முதல் குழந்தை, 1953-இல் இங்கிலாந்தில் வந்த ஸ்டாண்டர்டு எய்ட்டின் 803 சி.சி. எஞ்சின். அதற்கு விட்டம் 58, வீச்சு 76. அதாவது வரி ஒழிந்து ஐந்தாண்டுகள் கழித்துப் பிறந்த எஞ்சினிலும் ஒல்லியான சிலிண்டரும் நெடிய வீச்சும் தொடர்ந்தன. சட்டம் செத்த பிறகும் கை பழக்கத்தை விடவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எங்களுக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் அதே எஞ்சினின் விட்டத்தைப் பெரிதாக்கி 1961-லேயே ஹெரால்டுக்கு 1147 சி.சி. கொடுத்துவிட்டார்கள். சென்னையில் தயாரான ஹெரால்டு 948-உடனேயே ஓடியது. 1972-இல் வந்த கேஸலும் அப்படியே. இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிம முறையும் நிலவிய நாட்டில் எஞ்சினை மாற்றுவது என்பது பொறியியல் முடிவு அல்ல, தில்லியில் தீர்மானிக்கப்படும் விஷயம்.

பம்பாயின் கதை இன்னும் நீளமானது. பிரீமியர் பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினில் விட்டம் 68, வீச்சு 75. இந்த மூன்று எண்களும் 1937-இல் இத்தாலியில் வந்த ஃபியட் 508 சி காரின் எண்கள். இடையில் மாற்றங்கள் பல நிகழ்ந்திருந்தாலும் எலும்புக்கூடு மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை அதைக் குர்லாவில் வார்த்துக்கொண்டிருந்தார்கள். மும்பைத் தெருக்களில் கருப்பு மஞ்சள் வாடகைக் கார்களாக 2023 அக்டோபர் வரை ஓடிற்று. இந்த எஞ்சின்களைக் கேலி செய்வது எளிது. நம்முடைய அன்றைய சாலைகளுக்கும், தரம் குறைந்த பெட்ரோலுக்கும், மரத்தடி மெக்கானிக்கின் ஸ்பானருக்கும் அவை பொருந்தித்தான் போயின. ஆனால் வாங்கியவர் அவற்றைத் தேர்ந்தெடுத்தாரா என்று கேட்டால், இல்லை. பணம் கட்டிப் பல ஆண்டுகள் வரிசையில் நின்று, கிடைத்ததை வாங்கிக்கொண்டார்.

பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் கோடுகள் வேறு இடத்தில் இருந்தன. சிட்ரோயனின் புகழ்பெற்ற '2 சிவி' என்ற பெயரே 'வரிக்கணக்கில் இரண்டு குதிரை' என்பதன் சுருக்கம். பிரெஞ்சுச் சூத்திரம் வீச்சையும் எண்ணியது; ஆகவே அந்த 375 சி.சி. எஞ்சின் 62 விட்டமும் 62 வீச்சுமாகச் சதுரமாக நின்றது. தந்தது ஒன்பது குதிரைத்திறன். அதை வரைந்த வால்டர் பெக்கியா செய்த ஒரு சிறு குறும்பை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. மூன்று கியர் போதும் என்பது நிறுவனத் தலைவர் பியர் பூலான்ஜேயின் கட்டளை. ஒன்பது குதிரையை வைத்துக்கொண்டு மூன்று கியரில் காலம் தள்ள முடியாது என்பது பெக்கியாவுக்குத் தெரியும். நான்காவது கியரைச் செய்து, அது கியரே அல்ல, வேகம் சேர்க்கும் ஒரு கூடுதல் வசதி என்று கூறி, கியர் பிடியில் எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தைப் பொறித்துவிட்டார். எஞ்சின் சிறிதாகும்போது கியர்பெட்டி எவ்வளவு முக்கியமாகிறது என்பதை அந்தக் கார் காட்டியது. ஜெர்மனியிலோ வரியைக் காட்டிலும் ஓட்டுநர் உரிமம் வலியது. 250 சி.சி.க்கு மேற்படாத வண்டியைப் பழைய மோட்டார் சைக்கிள் உரிமத்தோடேயே ஓட்டலாம் என்ற விதி இருந்தது. 1955-இல் வந்த கோகோமொபில், பி.எம்.டபிள்யூ. இசெட்டா ஆகியவை 250 சி.சி.யில் பிறந்ததற்குக் காரணம் அது.

ஆனால் கோட்டுக்குள் நின்று கலை வளர்த்தவர்கள் என்று சொல்லவேண்டுமானால் ஜப்பானியர்களைத்தான் சொல்லவேண்டும். 'கெய்' என்ற இலகு வாகன வகையை 1949-இல் உருவாக்கியபோது அங்கே வரம்பு 150 சி.சி. மட்டுமே. அதில் கார் செய்வது கனவு. சில முறை உயர்த்தி, 1950-களின் நடுவில் எல்லா வகை எஞ்சின்களுக்கும் 360 சி.சி. என்று நிலைநிறுத்தினார்கள். அதற்குள் அடங்கினால் வரி குறைவு; காலமுறைச் சோதனை இல்லை; உரிமம் பெறுவதும் எளிது. 1958-இல் வந்த சுபாரு 360 மூன்று மீட்டருக்கும் குறைவான நீளத்தில், நானூறு கிலோவுக்கும் குறைந்த எடையில், 16 குதிரைத்திறனோடு நான்கு பேரைச் சுமந்தது. இங்கிலாந்துச் சூத்திரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. அது விட்டத்தை மட்டும் எண்ணியதால் எஞ்சினின் உருவத்தையே கோணலாக்கியது. இதுவோ மொத்தக் கொள்ளளவை எண்ணியது. அதற்குள் என்ன செய்வது என்பதைப் பொறியாளரிடம் விட்டுவிட்டது.

அவர்கள் என்னென்னவோ செய்தார்கள். மஸ்டா 358 சி.சி.யை நான்கு சிலிண்டர்களாகப் பிரித்தது. ஹோண்டா 1967-இல் தன் மோட்டார் சைக்கிள் அனுபவத்தை அப்படியே காருக்குள் கொண்டுவந்து, நிமிடத்துக்கு 8500 சுழற்சியில் 31 குதிரைத்திறன் எடுத்தது. மூன்றே ஆண்டுகளில் டைஹாட்சு அதே அளவிலிருந்து 40 எடுத்துக்காட்டியது. பத்மினி மூன்று மடங்கு பெரிய எஞ்சினிலிருந்து எடுத்ததும் ஏறக்குறைய இதே நாற்பதுதான். இது ஒருவகையில் பைத்தியக்காரத்தனமும்கூட. அலறிக்கொண்டு சுழலும் இந்த எஞ்சின்களை நகர நெரிசலில் ஓட்டுவது இன்பமாக இருந்திருக்காது. 1970-களின் புகைக் கட்டுப்பாடுகள் அந்தப் பந்தயத்தை முடித்துவைத்தன. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினையே நம்பியிருந்த சுஸுகி, புதிய விதிகளுக்குள் வர முடியாமல், 1977-இல் போட்டியாளரான டைஹாட்சுவிடமிருந்தே எஞ்சின் வாங்கித் தன் காரில் பொருத்த நேர்ந்தது. ஒரு கார் நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு இருக்க முடியுமா?

அந்தத் தலைகுனிவிலிருந்து எழுந்த கார்தான் நம் கதைக்கு வேண்டியது. 1976-இல் கெய் வரம்பு 550 சி.சி.யாக உயர்ந்திருந்தது. 1979-இல் சுஸுகி 'ஆல்டோ'வை வெளியிட்டது. விலை 4,70,000 யென். பயணிகள் காருக்குப் பண்ட வரி உண்டு, சரக்கு வண்டிக்கு இல்லை என்ற விதியைப் பயன்படுத்தி, பின்னிருக்கையைச் சிறிதாக்கி, சட்டத்தின் கண்ணுக்கு அதைச் சரக்கு வண்டியாக்கிவிட்டார்கள். அதன் மூன்று சிலிண்டர் வடிவமைப்பு, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினாகவும் 543 சி.சி.யில் அந்தக் குடும்பத்துக்கு வந்தது. ஏற்றுமதிக்கு அந்த வரம்பு பொருந்தாதே! ஆகவே வெளிநாடுகளுக்காக அந்த எஞ்சினின் விட்டத்தை 68.5 ஆகவும் வீச்சை 72 ஆகவும் பெருக்கினார்கள். கிடைத்தது 796 சி.சி. 1983 டிசம்பரில் குர்கானில் இந்திரா காந்தி சாவி கொடுத்துத் தொடங்கிவைத்த காரின் இதயம் அதுவே.

மாருதியின் எஞ்சின் தந்த ஆற்றலும் நாற்பதுக்குச் சற்றுக் குறைவே. ஆனால் அது இழுக்கவேண்டிய எடை ஏறக்குறைய 650 கிலோ. பத்மினிக்கோ தொள்ளாயிரத்தை ஒட்டியது. முன்சக்கரங்களே இழுத்ததால் பின்பக்கம்வரை நீளும் தண்டின் பாரமும் இல்லை. சாமானியர் ஓட்டிய கார் ஒன்று, சாலை விளக்கு பச்சையானதும் அம்பாசடரைப் பின்னால் விட்டுவிட்டு ஓடியது இந்தியாவில் அப்போதுதான். கச்சிதம் என்பதைக் கலையாகக் கற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகள் ஜப்பானியச் சட்டம் கொடுத்த பயிற்சியின் பலனை, அந்தச் சட்டத்தை அறியாத நாம் அனுபவித்தோம். வரிக்கோடு எப்போதும் கெடுதலே செய்யும் என்று எங்களால் வாதிட முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

நமக்கென்று ஒரு கோடு 2006-இல் வந்தது. அவ்வாண்டு நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலானால் 1200 சி.சி.க்கும் டீசலானால் 1500 சி.சி.க்கும் மேற்படாத எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். 2005-இல் 1298 சி.சி. எஞ்சினோடு வந்த ஸ்விஃப்ட் 2010-இல் 1197-க்கு மாறியது. 4160 மில்லிமீட்டர் நீளமிருந்த டிசையர் 2012-இல் வால் வெட்டப்பட்டு 3995 ஆயிற்று. எஞ்சினுக்கு முன்பு நேர்ந்தது இப்போது டிக்கிக்கும் நேர்ந்தது. பல்லி வாலைப் போலத் துண்டிக்கப்பட்ட அந்தப் பின்புறங்களைக் கண்டு அழகியல் உணர்வு உள்ளவர்கள் வருந்தினார்கள். வாங்குபவர்கள் வருந்தியதாகத் தெரியவில்லை. ஜி.எஸ்.டி. வந்தபோதும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு வரியை 18 சதவிகிதமாகக் குறைத்தபோதும் அதே நான்கு மீட்டர், அதே 1200, அதே 1500.

2024-இல் வந்த ஸ்விஃப்டின் புதிய எஞ்சினுக்கு மூன்றே சிலிண்டர்கள். விட்டம் 74, வீச்சு 92.8. இதுவரை நாம் பார்த்துவந்த வரிசையில் இந்த வீச்சு திகைப்பூட்டுகிறது. 1932-இன் ஃபோர்டு 'ஒய்'க்கு இருந்தது 92.5 அல்லவா! ஆனால் இம்முறை நெடிய வீச்சை எந்தச் சூத்திரமும் கேட்கவில்லை. குறுகிய சிலிண்டரில் சுவர் வழியே வெப்பம் வீணாவது குறைகிறது, எரிபொருள் மிச்சமாகிறது என்பதால் பொறியாளர்களே அதைத் தேர்ந்துகொண்டார்கள். உலோகமும் எண்ணெயும் வால்வு அமைப்பும் முன்னேறியிருப்பதால் பழைய மூச்சிரைப்பும் இல்லை. மூன்று சிலிண்டர்களின் கொள்ளளவையும் கூட்டினால் வருவது 1197. கோட்டுக்கு மூன்று சி.சி. உள்ளே.